நாலாம் கேபினின் திரை

சாலைக் கடைவீதி, திருவனந்தபுரம்
ஆகஸ்ட் 2004

மதிப்பிற்குரிய தங்கையன் மாமாவுக்கு,

பிரதீஷ் எழுதுவது. மார்த்தாண்டத்தில் நீங்களும் மாமியும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் இன்டர்நெட் கடையும் சுகம், ஆள்தான் வருவதில்லை.

எல்லாம் அரசாங்கம் அனுப்பிய பாதுகாப்பு யோசனைகளால் வந்தது. வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேள், கேபின் கதவையும் திரையையும் எடு, கம்ப்யூட்டரை எல்லாரும் பார்க்கிற மாதிரி திருப்பி வை. யோசனைதானே என்றேன். "போலீஸ்காரன் வந்து நிண்ணா அவன்கிட்ட இத சொல்லுவியாலே?" என்று போனில் கேட்டீர்கள். எடுத்துவிட்டேன். மகளின் பரீட்சை முடிவு பார்க்கப் பொன்முடி எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாளை, அட்டை இல்லையென்று திருப்பியனுப்பினேன். கள்ளத்தனம் செய்ய வருகிறவன் நல்ல அட்டையோடுதான் வருகிறான் மாமா. இல்லாமல் வருகிறவர்கள் ஏழைகள்.

அதைவிட சுமி விஷயம்தான் மனதை அறுக்கிறது. பக்கத்துக் கரமனைப் பெண், புருஷன் விபின் ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமைதோறும் நாலாம் கேபினில் திரையை இழுத்துவிட்டு, கேமராவில் அவனைப் பார்த்துப் பேசுவாள். கண் கலங்கி வெளியே வருவாள். புதுக் கல்யாணம், பிரிவு, ஆசை இருக்காதா என்று நான் வேறு பக்கம் பார்ப்பேன். இப்போது திரை இல்லை. நம் ஏ.சி.க்காகவே வந்து உட்காருகிற அரிசிக்கடை கோமதிநாயகம் அண்ணாச்சி, அவள் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டுவிட்டார். "ஹெட்போன் எதுக்கு மோளே, ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். "என்னடே விபினு, மெலிஞ்சு போயிட்ட? சோறு கிடைக்கா?" பின்னால் மூட்டை தூக்குகிற இரண்டு சுமட்டுக்காரர்கள் கையாட்டுகிறார்கள். அங்கே அவன் எழுந்து நின்று, "சுகம்தன்னே அண்ணாச்சி" என்கிறான்.

மனசில் இருப்பதை ஒரு பெண் இந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வாள்? யோசனை சொன்ன அதிகாரிக்கு வீட்டில் கம்ப்யூட்டரும் உண்டு, சாத்திக்கொள்ளக் கதவும் உண்டு. இவளுக்கு இருந்தது அந்த ஒரு மூலை. அதைப் பிடுங்கிய கை என்னுடையது.

ஆகவே நாலாம் கேபினுக்கு மட்டும் திரை போடுகிறேன். நீலத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. போலீஸ் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன். கோபப்படாமல் சம்மதிக்க வேண்டும். மாமிக்கு என் ஸ்தோத்திரம், குட்டி லிபிக்கு முத்தம்.

உங்கள் கடையைக் காத்துக்கொண்டிருக்கும் மருமகன்,
பிரதீஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் திரை தைத்து வந்தது. மாட்டினேன். சுமி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எதுக்கு அண்ணா?"

"உனக்காகத்தான்."

"வேண்டாம். திரைக்குள்ள இருந்தா அவரு வாயில வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி விளிக்கும். என்னையும் எங்கம்மையையும். அண்ணாச்சி இருக்கியதுனாலதான் இப்ப மரியாதைக்குப் பேசுது. இத மாட்டுனா நான் வேற கடைக்குப் போவேன்."

அண்ணாச்சியின் நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.

கழற்றிவிட்டேன். திரையை மார்த்தாண்டம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமி ஜன்னலுக்குப் போடட்டும். எத்தனை வெள்ளிக்கிழமை கலங்கிய கண்ணோடு என் மேஜையைத் தாண்டிப் போனாள். ஏனென்று ஒருநாளும் கேட்கவில்லை மாமா.