விரால் சங்கத்தின் சிறப்பு விருந்தினர்கள்

சென்ற தவக்காலத்தில் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒன்றை விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கறியை விட்டார். மாடிவீட்டுக்காரர் சிகரெட்டை விட்டார். நான் வீட்டை விடுவது என்று முடிவு செய்தேன். முழுசாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்.

என் பெயர் ஆரோக்கியசாமி. பெயரில் மட்டும்தான் அது இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகப் போல்ட்டுக்கு மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் பட்டாபிராமில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே திரும்புகிறேன். ஏழாவது நாள் ஆண்டவரே ஓய்வெடுத்தார். என் வீட்டில் அந்த வசனம் செல்லாது. ஒட்டடை, ஃபேன் துடைப்பது, தண்ணீர் கேன், அவள் தங்கை வீட்டுக் காதுகுத்து என்று ஏதாவது ஒன்று எனக்காகக் காத்திருக்கும்.

போதாக்குறைக்கு என் மனைவி பிலோமினா ஒரு வருஷமாக ஒரே கோரிக்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

“வாரத்துல ஒரு நாள் சமையலை நீங்க பாத்துக்கங்க. நான் ஒண்ணும் பண்ணாம சும்மா உக்காந்திருக்கணும்.”

“எனக்கும் அதே ஆசைதான் பிலோ.”

“ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா அப்புறம் யாருங்க ஆக்கறது?”

நியாயமான கேள்வி. பதில் தெரியாததால்தான் நான் மீன் பிடிக்கப் போனேன்.

ஹாலோ பிளாக் யார்டு வைத்திருக்கும் எத்திராஜ் அப்போதுதான் ‘விரால் பிடிப்போர் நலச் சங்கம்’ ஆரம்பித்திருந்தார். பிடிப்போர் நலமா, விரால் நலமா என்று யாருக்கும் தெளிவில்லை. அவருடைய முப்பாட்டன் காலத்தில் ஏரிக்கரையில் பாதி அவர்கள் நிலமாம். அதனால் தலைவர் பதவி அவருக்குத் தானாகவே வந்துவிட்டது.

“இன்னா ஆரோக்கியம், ரொம்ப சிம்பிளு. காத்தால வந்து கரைல குந்திக்கினு தக்கையப் பாத்துக்கினு இருக்க வேண்டியதுதான். ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. பேசுனா விரால் வராது,” என்றார்.

ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே சேர்ந்தேன்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். வரவில்லை. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கடமை தீர்ந்துவிடும் என்று அவளே வழி சொன்னாள். சங்கத்துக்குத் தலைவர் யார் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “ஓ, நம்ம பூங்காவனத்து வீட்டுக்காரரா,” என்றாள். பூங்காவனமும் இவளும் ஒரே மகளிர் குழு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் சொர்க்கம். கரையில் உட்கார்ந்தால் காற்று வரும். தக்கை மிதக்கும். நடுநடுவே ஒரு விரால் மூச்சு வாங்க மேலே வந்து என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். அதற்கு என்னிடம் வேலை இல்லை, எனக்கும் அதனிடம் இல்லை. உலகத்தில் என்னிடம் எதுவும் கேட்காத ஒரே உயிர் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதைக் கெடுத்தது எத்திராஜின் ஆசை. கூட்டம் போடாத சங்கம் ஒரு சங்கமா என்று ஒரு நாள் கேட்டார். மாதம் ஒரு கூட்டம், யார்டு ஷெட்டில். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை. பேசக் கூடாது என்று சேர்ந்த சங்கத்தில் காலை முழுக்கப் பேச்சு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அவர் சொல்வது எல்லாமே உண்மை. விழுவதற்கு முந்தின நிமிஷம் வரை அவர் யாரோ ஒருத்தர். விழுந்ததும் அறிஞர். நாங்களும் கேள்வி கேட்க மாட்டோம், அவரும் நிறுத்த மாட்டார்.

எத்திராஜுக்கு மணல் லாரிக்காரர்களையும் சிமெண்ட் ஏஜென்டுகளையும் விட்டால் யாரையும் தெரியாது. “கெஸ்ட்டு மேட்டரு எங்க ஊட்ல பாத்துக்கும்,” என்று மனைவியிடம் விட்டுவிட்டார்.

முதல் விருந்தினர் அம்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பாடியிலிருந்து வந்தார். பெயர் செங்கல்வராயன். தென்னிந்தியத் தூண்டில் ஆராய்ச்சியாளர் என்று அறிமுகம் செய்தார்கள். அரக்குச் சிவப்பில் ஜரிகை போட்ட பொன்னாடையை வாங்கிக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார். பிடித்த மீனை இன்னொரு கை தொட்டால் அது அவமானம். யாருக்கு அவமானம்? மீனுக்கு. விராலின் வழவழப்பைத் தன் கையால் வழித்து எடுத்தவனுக்குத்தான் விராலின் மனசு புரியும். மனைவியிடம் கொடுத்துவிட்டுச் செய்தித்தாள் படிக்கிறவன் மீன்பிடிப்பவன் இல்லை, மீன் கொண்டுவரும் ஆள்.

எங்கள் எல்லோருக்கும் சுருக்கென்றது. அன்றைக்கென்று பார்த்து, கூட்டம் முடிந்து கரைக்குப் போனதும் என் தூண்டிலில் வாழ்க்கையின் முதல் விரால் மாட்டியது. வீட்டுக்குக் கொண்டுபோய், இதை நீ தொடக்கூடாது என்று பிலோமினாவிடம் சொன்னேன். அவள் பதறிப்போனாள். உங்களுக்கு எதற்குக் கஷ்டம், நானே கழுவிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தச் சுகத்தில் நான் சாம்பலையும் கல்லுப்பையும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். விரால் இரண்டு முறை கை நழுவி ஓடியது. ஒரு முறை ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை வெளியே எடுக்க நானும் அங்கே படுத்தேன்.

அடுத்த மாத விருந்தினர் ஒரு படி மேலே போனார். பொன்னாடை அதே அரக்கு நிறம். கழுவினால் மட்டும் போதாதாம். குழம்பையும் பிடித்தவனே வைக்க வேண்டும். குழம்பின் காரம் தெரிந்தவனுக்குத்தான் சோற்றின் பதம் தெரியும், ஆகவே சோறும் அவனே. அன்று மீன் மாட்டாவிட்டால் சந்தையில் வாங்க வேண்டும். சந்தையும் ஒரு ஏரிதான், அங்கே கண்தான் தூண்டில் என்றார். கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது.

உணர்ச்சிவசப்பட்டு எழுந்தவன் நான்தான். உறுப்பினர் வீட்டுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிமார் நுழையக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றினார்கள். இவ்வளவு அழகாகத் தீர்மானம் போட்டதற்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

வீட்டில் போய் அறிவித்தபோது பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்கதாங்க போறது?”

எங்கேயாவது போய்க்கொள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் போனாள்.

அதற்கப்புறம் என் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதீர்கள். ஏரிக்குப் போக ஏது நேரம்? விடிந்தால் சந்தை. திரும்பினால் செதில், வெங்காயம், புளி, அரிசி. சங்கத்தில் ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் இதே கதை. தூண்டில்கள் ஆணியில் தொங்கின. திங்கட்கிழமை ரயிலில் கம்பியைப் பிடித்தபடி தூங்கி, ஒரு நாள் அம்பத்தூரில் இறங்காமல் சென்ட்ரல் வரைக்கும் போய்விட்டேன். கையில் விரால் வாசனை இருந்ததால் எனக்கு மட்டும் சுற்றிலும் நிற்க நல்ல இடம் கிடைத்தது.

மூன்றாவது கூட்டத்தில் செயலாளர் என்ற முறையில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. விரித்தேன். ஓரத்தில் ஜரிகை கருகியிருந்தது. இஸ்திரிப் பெட்டியின் மூக்குப் பட்டு உருகின இடம். அந்த மூக்கை எனக்குத் தெரியும். என் இருபத்தைந்து வருஷ சேவைக்காகக் கம்பெனியில் போர்த்திய பொன்னாடை அது. ஆசையாக இஸ்திரி போடுகிறேன் என்று நானே கருக்கியது. விருந்தினர் தோளைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். கருகின ஓரத்தை உள்பக்கம் மடித்துப் போர்த்திவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் எத்திராஜை ஓரங்கட்டினேன்.

“இந்தப் பொன்னாடை ஏது தலைவரே?”

“உங்க ஊட்டுதுதான். மூணு தபாவும் அதே ஐட்டம்தான். கெஸ்ட்டு போறப்போ எங்க ஊட்ல திருப்பி வாங்கிக்கும்.”

“செங்கல்வராயன் யாரு?”

“எங்க ஊட்டுக்காரி சித்தப்பா. பாடில சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறாரு. ரெண்டாவதா வந்தவரு அவராண்ட வேல செய்றாரு. ஏன் கேக்கற?”

பாவம், அந்த மனுஷனுக்கு இன்னும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

வீட்டில் பிலோமினா தலை வாரிக்கொண்டிருந்தாள். பொன்னாடை விஷயத்தைக் கேட்டேன். பீரோவில் சும்மா கிடந்ததாம், நாலு நல்ல மனுஷர் தோளில் ஏறட்டும் என்று கொடுத்தாளாம். இது சதி என்றேன். அவள் சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள்.

“அவங்க வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனாங்க. தீர்மானம் போட்டது யாருங்க?”

நான் வெங்காயம் உரிக்கப் போனேன்.

உரிக்கும்போதுதான் யோசனை வந்தது. பொன்னாடையால் வந்த வினையைப் பொன்னாடையால்தான் தீர்க்க முடியும். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிருபாகரன் கனடாவில் மகன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஒரு மீன்பிடிக் கழகத்தில் சேர்ந்து வாலாய் என்று ஒரு மீனைப் பிடித்தாராம். இருட்டில் கண் பளபளக்கும், ஏரி உறைந்துபோனால் பனியில் ஓட்டை போட்டுப் பிடிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செயலாளர் என்ற முறையில் அடுத்த கூட்டத்துக்கு விருந்தினராக நானே அவரைப் பிடித்தேன். கனடாவில் ஆண் பிடிப்பதோடு சரி, மற்றதெல்லாம் வீட்டம்மாதான் என்று மேடையில் ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்றேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். விருந்தினரை அழைக்கும் உறுப்பினர் வீட்டில்தான் அவருக்குக் காலை டிபன். இது சங்க வழக்கம், மாற்ற முடியாது. மனைவிமார் அடுப்படிக்குள் நுழையக் கூடாதுதான். ஆனால் விருந்தாளிக்கு விலக்கு உண்டு என்று பிலோமினா சொல்லிவிட்டு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் செய்தாள். நான் கிருபாகரன் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டேன். இருவரையும் ஒரு வார்த்தை தனியாகப் பேச விடுவதில்லை என்று வைராக்கியம்.

அப்போது தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. குடத்தை யார் எடுத்துக்கொண்டு ஓடுவது என்பதில் எங்கள் வீட்டில் எப்போதுமே இரண்டு கருத்து இருந்ததில்லை.

நான் திரும்பி வந்தபோது கிருபாகரன் பாயாவில் கடைசி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

மேடையில் கருகின ஜரிகையோடு நின்று வாலாயைப் பற்றி அழகாகப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். கனடாவில் மீன் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் முழுக்க ஆண்தான் கழுவுவான், இரண்டு வருஷம் என் கண்ணால் பார்த்தேன் என்றார். கனடாவே கழுவும்போது பட்டாபிராம் கழுவாதா என்று எத்திராஜ் எழுந்து நின்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். செயலாளர் முதலில் தூக்க வேண்டும் என்பதால் நான் முதலில் தூக்கினேன்.

வாசலில் வைத்து கிருபாகரனின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

“கோவிச்சுக்காத ஆரோக்கியம். உண்மைய மட்டும் பேசுங்கண்ணேன்னு தங்கச்சி கேட்டுக்கிச்சு. அந்தப் பாயா முன்னால எப்படிப் பொய் சொல்றது? அங்க ரெண்டு வருஷமும் மருமவளுக்குப் பாத்திரம் கழுவுனது நான்தானே.”

அடுத்த ஞாயிறு மத்தியானம் மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகு விண்ணென்று வலித்தது. அழுகைகூட வந்தது, ஆனால் கை இரண்டும் ஈரமாக இருந்ததால் விட்டுவிட்டேன். பிலோமினா வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. புடவைக் கரையில் ஒட்டுப்புல் ஒட்டியிருந்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“ஞாயித்துக்கிழமை ஆனா நீங்கள்லாம் எங்கதான் போறீங்க?”

“எங்கயும் இல்லங்க. நானும் பூங்காவனமும் மத்தவங்களும் ஏரிக்கரைல போய்ச் சும்மா உக்காந்துட்டு வரோம். நீங்கல்லாம் உக்கார்ற எடம் காலியாத்தானே கெடக்கு. நல்ல காத்து. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. அப்பப்ப ஒரு விரால் மேல வந்து பாத்துட்டுப் போவுது.”

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“சட்டி அடியில இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க.”