நாலு சுற்று மரை

கடைசல்காரரே, வணக்கம்! மரத்தூளை மணிமுடியாகத் தரித்தவரே, மூக்குக்கண்ணாடியைக் கவசமாகப் பூண்டவரே, சுழலும் கடைசல் இயந்திரத்தின் முன் மலையென நின்றவரே, உமது பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம்.

போர் மூண்டது சமையலறை அலமாரியின் மூன்றாம் தட்டுக்காக. அதைத் தன் சரக்கால் நிரப்பிவிடத் துடித்தான் மனைவியின் தம்பி, பிளாஸ்டிக் டப்பா வியாபாரி. "மாமா, போன தடவை நீங்க செஞ்ச மூடி இன்னும் திறக்கல. மிளகு உள்ளயே இருக்கு" என்றான். நாலு மணிக்குள் ஒழுங்காகத் திருகி மூடும் மர டப்பா ஒன்று வராவிட்டால் தட்டு தம்பிக்கே என்று தீர்ப்பளித்தாள் மனைவி.

வெகுண்டெழுந்தார் வீரர். திருகு மரை வெட்டும் ஜிக் என்னும் தாங்கியை இயந்திரத்தின் மார்பில் பூட்டினார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்ற, மரம் யானையின் நிதானத்தோடு இரண்டே மில்லிமீட்டர் முன்னேற, எதிரே மின்னலாய்ச் சுழன்ற வெட்டுப்பல் அதன்மேல் பாய, டப்பாவின் கழுத்தில் நாலு சுற்று, மூடியின் உள்ளே நாலு சுற்று என மரை பிறந்தது. மூடி பட்டுப்போல் திருகி இறுகியது. மணி இரண்டேகால். அத்தோடு நிறுத்தியிருந்தால் வெற்றி அவருடையது.

ஆனால் மூடியின் மர ரேகை டப்பாவின் ரேகையோடு சேராமல் கால் வட்டம் விலகி நின்றது. "ரேகை சேரும்! ஒரே மரமோ என்று உலகம் மயங்கும்!" என்று பட்டறை அதிர முழங்கினார். மூடியின் விளிம்பை மயிரிழை சீவினால் அது இன்னும் கொஞ்சம் திரும்பும். சீவினார். ரேகை நெருங்கியது. மறுபடி சீவினார். தாண்டிவிட்டது. தாண்டியதைப் பிடிக்க இன்னொரு முழு வட்டம் போகவேண்டும். வட்டத்துக்கு ஒரு சுற்று மரை காவு. கோட்டை மதிலைத் தாமே இடித்துக்கொண்டு முன்னேறும் மன்னனைப்போல் அவர் சீவ, முதல் சுற்று வீழ்ந்தது, இரண்டாவது மாண்டது, மூன்றாவது தூளாகித் தரையில் உதிர்ந்தது, நாலாவது தேய்ந்து பெயருக்கு மட்டும் நின்றது.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ரேகை சேர்ந்தது. தலைமுடி நுழையவும் இடமில்லை. வெற்றிவேந்தராய் அதைச் சமையலறைக்கு ஏந்திச் சென்றார்.

மனைவி வெகுநேரம் தடவிப் பார்த்தாள். "ரேகை அழகாத்தான் சேந்திருக்கு. ஆனா திருகவே வேணாம்போல, சும்மா தூக்கினாலே கையோட வருதேங்க."

தம்பி வண்டியிலிருந்து சரக்கை இறக்கப் போனான்.

மூடி இப்போது ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் இருக்கிறது.