ரெண்டாம் பக்கம் எங்கம்மா?

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் பாதி தெரிந்தால் போதும், மீதியைக் குரலால் நிரப்பிவிடுவேன். குரலும் கொஞ்சம் பெரிசு. பள்ளிக்கூட பிரேயரில் உறுதிமொழி சொல்ல மைக் வேலை செய்யாத நாட்களில் என்னைத்தான் தேடுவார்கள். அந்தக் குரலும் அந்தப் பாதி அறிவும் ஒரே மேஜைக்கு முன்னால் சேர்ந்து நின்ற நாளில் என் அம்மாவின் பிழைப்பே போகப் பார்த்தது. தப்பு என்னுடையதுதான் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன். (இருபது வருஷம் இன்டர்நெட் மேல் பழி போட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.)

2003. ஒன்பதாம் வகுப்பு. வீடு ஐயம்பேட்டையில், பள்ளிக்கூடம் காஞ்சிபுரத்தில். அந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் சயின்ஸ் மிஸ் புதுசாக ஒரு சட்டம் போட்டார். புத்தகத்தைப் பார்த்து எழுதுவதெல்லாம் செல்லாது, ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் இன்டர்நெட்டிலிருந்து மூன்று ஆதாரங்கள் வேண்டும், பிரின்ட் எடுத்துச் சார்ட்டில் ஒட்ட வேண்டும். வகுப்பே நடுங்கியது. எங்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. மீதிப்பேர் பார்த்ததே இல்லை. நான் மட்டும் நடுங்கவில்லை. முதல் பரிசு எனக்குத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். முதல் பரிசு வாங்கினால் மாவட்டப் போட்டி, அங்கிருந்து சென்னை, அங்கிருந்து விஞ்ஞானி. வழி நேராகத்தான் தெரிந்தது.

தலைப்பும் ரெடி. 'உண்மைப் பட்டு எது, போலி எது? அறிவியல் முறையில் கண்டறிதல்.' காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு எரிமலை செய்வார்களா யாராவது? (செய்தார்கள். பி செக்ஷன். அதைப் பிறகு சொல்கிறேன்.)

என் அம்மாவுக்குப் பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற வேலை. காந்தி ரோட்டில் ஒரு கடையிலிருந்து துணி மூட்டையில் புடவைகள் வரும். அம்மா கரைக்கு அடியில் ஃபால்ஸ் வைத்துத் தைத்து, முந்தானை இழைகளைக் குஞ்சமாக முடிந்து திருப்பி அனுப்புவாள். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அது ரோட்டில் ஓடிய நாளைவிட ஒர்க்‌ஷாப்பில் படுத்த நாள் ஜாஸ்தி. ஆக, அம்மாவின் ஊசி நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மறந்துவிட்டேன்.

தகவல் வேண்டுமென்றால் அம்மாவையே கேட்டிருக்கலாம். அவளும் கூப்பிட்டுச் சொன்னாள், "என்னா வேணும் சொல்லு, நான் சொல்றேன், எழுதிக்கோ." நான் ரொம்பப் பொறுமையாக, அம்மா என்பது ஆதாரம் ஆகாது என்று விளக்கினேன். அவளுக்கு www இல்லையே. அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே என்னை ஒரு தரம் பார்த்தாள், அடுத்த புடவையை எடுத்தாள்.

புராஜெக்ட்டில் எனக்குக் கூட்டாளி நஸ்ரீன். அவள் அண்ணன் இமெயில் வைத்திருந்தான், அதனால் எங்கள் வகுப்பில் அவளுக்குத் தனி மரியாதை. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள், நான் உள்ளே போகும்போது கை கூப்பியே போனேன். பிளைவுட் தடுப்பு, ரெண்டு பேருக்கு ஒரே ஸ்டூல். ஒற்றை விரலால் 'சில்க்' என்று எழுத்துக் கூட்டித் தட்டினேன். முகத்துக்குப் பூசும் க்ரீம் வந்தது. மறுபடி தட்டினேன். ஒரு படம் மேலேயிருந்து கீழே வரி வரியாக இறங்க ஆரம்பித்தது. அது பட்டுப்பூச்சி என்று தெரிவதற்குள் நஸ்ரீன் வீட்டுப்பாடம் முடித்துவிட்டாள்.

நாலு நாள் விடாமல் போனோம். முதல் ஆதாரம் பட்டின் வரலாறு. ரெண்டாவது தளத்தில் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அதையும் பிரின்ட் எடுத்துக்கொண்டேன், ஆதாரம் ஆதாரம்தான். மூன்றாவதுதான் தங்கம். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். போலி என்றால் உருகும், கறுப்பு மணியாகக் கெட்டியாகும், பிளாஸ்டிக் நாறும். இவ்வளவும் இங்கிலீஷில். நான் தமிழ் மீடியம். அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஒரு பக்கத்தைத் தமிழாக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

பிரின்ட் எடுக்கும்போதே நஸ்ரீன் சொன்னாள், "இன்னொரு பக்கம் இருக்குதுடி." எட்டிப் பார்த்தேன். மேலே தடித்த எழுத்தில் முன்னெச்சரிக்கைகள் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ரெக்கார்டு நோட்டு எழுதியவர்களுக்குத் தெரியும், நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை எல்லாம் எழுதி முடித்துக் கை வலிக்கும்போது வருவதுதான் முன்னெச்சரிக்கை. அதை யாரும் படித்ததில்லை, திருத்துகிற டீச்சர் உட்பட. இன்னொரு மூன்று நாள் அகராதியோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண்காட்சி அன்று காலையில் நான் ஒரு போர்வீரன் மாதிரிதான் கிளம்பினேன். மேஜையில் ஸ்பிரிட் விளக்கு, இடுக்கி, ரெண்டு மாதிரி நூல், பின்னால் சார்ட், சார்ட்டில் பிரின்ட் அவுட். சிறப்பு விருந்தினராகக் கல்வித் துறை அதிகாரி அம்மா ஒருவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவை. அவருக்குப் பக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், அதாவது அம்மா ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் கடையின் முதலாளி. பெற்றோர்களும் வந்திருந்தார்கள். என் அம்மா கடைசி வரிசையில், கையில் மதியச் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள்.

பி செக்ஷன் எரிமலை சோடா மாவும் வினிகருமாகப் பொங்கியது. அதிகாரி அம்மா கை தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. என் மேஜைக்கு வந்தார். மாதிரி நூல்களைக் கொளுத்திக் காட்டினேன், எல்லாம் சரியாக வந்தது, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு நகரப் போனார். அங்கேயே விட்டிருக்கலாம். விடுவேனா? எரிமலைக்குக் கை தட்டல், எனக்கு வெறும் வெரி குட்டா?

"மேடம், உங்க புடவையில ஒரு நூல் தருவீங்களா?"

மிஸ்ஸுக்கு மூச்சே நின்றிருக்கும். ஆனால் அந்த அம்மா சிரித்தார். தாராளமாக எடுத்துக்கொள், போன வருஷம் இவர் கடையில்தான் வாங்கினேன், அசல் காஞ்சிபுரம் என்றார். முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். கரைக்கு அடியில் அரக்கு நிறத்தில் ஒரு நூல் தொங்கியது எனக்குத் தோதாக இருந்தது. கத்தரிக்கோலோடு குனிந்தேன். காலில் விழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மா தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு நூலையும் வெட்டிக்கொண்டு எழுந்தேன்.

இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். சுருண்டது. உருகியது. கறுப்பு மணியாகக் கெட்டியானது. பிளாஸ்டிக் பக்கெட் எரிகிற நாற்றம்.

புத்தியுள்ள எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள். நான் சார்ட்டைப் பார்த்து, மைக் தேவைப்படாத என் குரலில் வாசித்தேன்: "கடினமான கறுப்பு மணி உருவானால் அது பட்டு அன்று. செயற்கை இழை. எனவே இப்புடவை போலி."

முதலாளியின் முகம் அந்தப் புடவைக் கரை நிறத்துக்கு வந்துவிட்டது. மிஸ் என் பாவாடையைப் பின்னாலிருந்து இழுத்து, போதும்மா போதும்மா என்று முணுமுணுத்தார். நான், உண்மைக்காக நிற்கிறவள் இல்லையா, பிரின்ட் அவுட்டைத் தட்டிக் காட்டி, "ஆதாரம் இருக்குது மிஸ்" என்றேன். அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கிட்ட வந்து முழுசாகப் படித்தார். அடியில், மூலையில், எறும்பு சைஸில் 1/2 என்று அச்சாகியிருந்தது. இத்தனை நாளாக அதை நான் பார்க்கவே இல்லை.

"இது ரெண்டுல முதல் பக்கம். ரெண்டாம் பக்கம் எங்கம்மா?"

"அதுல முன்னெச்சரிக்கை மட்டுந்தான் மேடம்."

இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு துளி சந்தேகமும் இல்லை என்று நஸ்ரீன் இன்றுவரை சாட்சி சொல்கிறாள்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து சாப்பாட்டுப் பை நகர்ந்து வந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக அதிகாரி அம்மாவிடம் போனாள். சாப்பாட்டுப் பையை என் மேஜையில் வைத்தாள்.

"மேடம், மன்னிச்சுக்கணும். இவ வெட்டுனது புடவை நூலு இல்லீங்க. ஃபால்ஸ் தச்ச நூலு. அது பாலியஸ்டர்தான் போடுவோம், பட்டு நூலுல தச்சா வழுக்கிக்கினு வந்துடும். இதைத் தச்சது நான்தான், முடிச்சு என்னுது."

சொல்லிவிட்டு அதிகாரி அம்மாவின் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு இழையைப் பல்லால் கடித்து எடுத்தாள். என் கையிலிருந்து இடுக்கியை வாங்கினாள். கொளுத்தினாள். முடி கருகிய வாசனை ஹால் பூராவும் வந்தது. சாம்பலை அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னாள், பொடிந்தது. எரிமலைக்கு வந்ததைவிடப் பெரிய கை தட்டல். ஆனால் அம்மாவுக்கு. முதல் பரிசு எரிமலைக்கு. எனக்கு ஆறுதல் பரிசு என்று ஒரு சோப்பு டப்பா, மிஸ் அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார்.

சோப்பு டப்பா போகட்டும். அந்த வாரம் கடையிலிருந்து மூட்டை வரவில்லை. அம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தாள். முதலாளி திட்டவில்லையாம். அப்புறம் சொல்லியனுப்புகிறேன் என்றாராம். திட்டியிருந்தால் தேவலை. 'போலி' என்கிற சொல் ஊர் பூராவும் நடந்துவிட்டது, நூல் விஷயம் நடக்கவில்லை. அம்மா ஊசி டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

ரெண்டாம் பக்கத்தை எடுத்தேன். அகராதியைப் பிரித்தேன். மூன்று நாள் என்று நினைத்தது சனி, ஞாயிறில் முடிந்தது. முதல் முன்னெச்சரிக்கை: நூலைத் துணியின் உடலிலிருந்து மட்டுமே எடுக்கவும், ஓரத்தில் தைத்த நூலைச் சோதிக்கக் கூடாது. ரெண்டாவது: ஒருவர் உடுத்தியிருக்கும் துணியில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. (இங்கிலீஷ்காரனுக்கு என்னை முன்பே தெரிந்திருக்கிறது.) ரெண்டு பக்கத்தையும் புது சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கூல் விட்டதும் தனியாகக் காந்தி ரோட்டுக் கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு கல்யாணப் பார்ட்டி மெத்தையில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தார், தீப்பெட்டி இருக்கிறதா என்று. நான் சார்ட்டை விரித்துப் பிடித்து, அதே குரலில், ரெண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். கடைசியில் சார்ட்டில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டேன்: "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. புடவை அசல். எங்கம்மா மேல தப்பு இல்லீங்க."

கல்யாணப் பார்ட்டியில் ஒரு பெரியம்மா, அதில் சொன்ன மாதிரி ஒரு இழை கொளுத்திக் காட்டச் சொன்னார். முதலாளி என்னை நம்பித் தரவில்லை, அவரே கொளுத்தினார். வாசனை வந்தது. அந்தப் பார்ட்டி அன்றைக்கு வாங்க நினைத்ததைவிட ரெண்டு புடவை கூடவே எடுத்தது. முதலாளி சார்ட்டை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டச் சொன்னார்.

"இது இங்கயே இருக்கட்டும்மா. நீ மட்டும் கெளம்பு."

மறுநாள் மூட்டை வந்தது. அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, என்னடி பண்ணினாய் என்று கேட்டாள். சொன்னேன். "அன்னிக்கே என்னைக் கேட்டிருந்தா ரெண்டு பக்கமும் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு நூல் கோத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: ரெண்டாம் பக்கம் எங்கம்மா? மார்க் ஷீட்டுக்குக் கேட்டார், பேப்பர் செய்திக்குக் கேட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்த பயோடேட்டா ஒரே தாள், அதைத் திருப்பிப் பார்த்து, காலியாக இருக்குதே என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்டார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நஸ்ரீன் முழுக் கதையும் சொல்லிப் புரிய வைத்தாள், அதைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தில் குத்துவிளக்கு ஏற்ற என்னை விடவேயில்லை.

முகூர்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தது அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நூலைப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. என்ன நூலம்மா என்று கேட்டேன்.

"பட்டு நூலு."

"வழுக்கிக்கினு வந்துடும்னு சொல்லுவியே?"

"வந்தா வரட்டும், திரும்பத் தச்சுத் தரேன். நீ கொளுத்தாம இருக்க மாட்ட. இப்ப எந்தப் பக்கம் வேணாலும் கொளுத்திக்கோ."

அவள் சொன்ன மாதிரியே அந்த ஃபால்ஸ் இதுவரை ரெண்டு தரம் விட்டுப்போனது. ரெண்டு தரமும் பட்டு நூலிலேயே தைத்துக் கொடுத்தாள். போன பொங்கலுக்குத் தைத்தபோது கடைசி முடிச்சுக்கு அப்புறம் நூலை வெட்டாமல் விரல் நீளத்துக்கு விட்டுவைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுக்களைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.