லாடமும் கடைசி ஐந்து நிமிடமும்

தன் டீம் தோற்றுக்கொண்டிருந்தால் கவலைப்படுகிற ரசிகர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தன் டீம் ஜெயித்துக்கொண்டிருந்தால் பதறிப்போகிற ரசிகர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் திருவள்ளூரில் இருந்தார். பெயர் லாடம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஐம்பதுகளில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு வண்டிமேடு இருந்தது. ரைஸ் மில்லுகளுக்கு நெல் ஏற்றி வரும் மாட்டு வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். அந்த மாடுகளுக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். ஆனால் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தாரானால் எப்பேர்ப்பட்ட காளையும் மரியாதையாக மண்ணில் சாய்ந்துவிடும். நாலு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஏதோ கல்யாணப் பந்தியில் உட்காருகிறவர் போல நிதானமாக ஆணி அடிக்க உட்காருவார்.

நான் அப்போது பக்கத்து நெல் மண்டியில் குமாஸ்தா. சாயங்காலமானால் வண்டிமேட்டு சடுகுடு டீமில் விளையாடுவேன். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டீமுக்கு ஏழு பேர் வேண்டும், ஆறு பேர்தான் இருந்தார்கள்.

எங்கள் கேப்டன் தணிகாசலம் ரயில் நிலையத்தில் போர்ட்டர். தேக்குக் கட்டை போல உடம்பு, அதற்குள் முயல் குட்டி போல மனசு. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான், தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். ஆட்டத்திலும் அதே கதைதான். நாங்கள் இரண்டு பாயிண்ட் முன்னால் இருப்போம், முடிய ஐந்து நிமிடம் இருக்கும். உடனே அவன் குரல் தாழ்ந்துவிடும்.

"எல்லாம் பின்னால போங்கடா. எவனும் புடிக்க வேணாம். வரவன் வந்துட்டுப் போவட்டும். டைமு ஓடிடும்."

நாங்களும் பின்கோட்டை ஒட்டி, மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி நிற்போம். எதிராளி பாடிக்கொண்டு வருவான். அவனுக்கென்ன, இடம் தாராளமாகக் கிடக்கிறது. இந்த மூலையில் ஒருத்தனைத் தொடுவான், அந்த மூலையில் ஒருத்தனைக் கோட்டுக்கு வெளியே துரத்துவான், வந்த வழியே கைவீசிக்கொண்டு போவான். திருநின்றவூரிடம் அப்படித்தான் தோற்றோம். பொன்னேரியிடமும் அப்படித்தான் தோற்றோம். ஒவ்வொரு தடவையும் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு குரல் கேட்கும்.

"டேய், முன்னால போங்கடா! ஜெயிக்கிறவன் இன்னாத்துக்குடா பயந்துகினு பின்னால போறான்? தோக்கறவன்தான்டா போவணும்!"

இந்த விஷயத்தில் லாடம் ஒரு தனி சாஸ்திரமே வைத்திருந்தார். மண்டிக்குப் போகிற என்னை வழிமறித்து, கட்டிப்போட்ட மாட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாடம் நடத்துவார்.

"குமாஸ்தா, இத்த பாரு. மாடு ஒதைக்குமேன்னு நீ தள்ளி நின்னுகினா இன்னா ஆவும்? நல்லா காலை வீசி ஒதைக்கும். அதும் வயித்தாண்ட போயி ஒட்டிகினு நில்லு. ஒதைக்க அதுக்கு எடம் ஏது? கிட்ட போனாத்தான் நைனா அடி கம்மி."

கீழே கிடக்கும் மாட்டின் சொந்தக்காரர் பொறுமை இழந்துவிடுவார். "யோவ், மாட்டக் கட்டிப் போட்டுட்டு இன்னாய்யா பிரசங்கம் பண்ணிகினு கீறே?"

"மாடு எங்கய்யா ஓடிடும்? அதான் நாலு காலையும் கட்டிக் கீறேனே. ஞாயித்துக்கெயம மேச்சுல இந்தப் பசங்க பின்னால ஓடுவானுங்க. அத்த யாரு கட்டறது?"

ஒருநாள் இந்தப் பிரசங்க வேகத்தில் மூன்று காலுக்கு லாடம் அடித்து, நாலாவது காலை மறந்தே போனார். அந்த மாடு திருப்பாச்சூர் வரை ஒரு மாதிரி டான்ஸ் ஆடிக்கொண்டே போனதாகக் கேள்வி. மறுநாள் சண்டைக்கு வந்த வண்டிக்காரரையும் உட்காரவைத்து, கடைசி ஐந்து நிமிடம் என்றால் என்ன என்று விளக்கினார். வந்தவர் எங்கள் டீமுக்கு ரசிகராகித் திரும்பினார்.

இதோடு நின்றிருந்தால் லாடத்தை எல்லாரும் கொண்டாடியிருப்பார்கள். செவ்வாப்பேட்டை மேட்சில்தான் விதி விளையாடிவிட்டது. அன்றைக்கு மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தோம். வழக்கம்போலத் தணிகாசலம், "பின்னால, பின்னால" என்றான். போனோம். எதிராளி பாடி வந்தான். வந்தவன் பாதி தூரம்தான் வந்திருப்பான். கூட்டத்திலிருந்து ஓர் உருவம் பாய்ந்தது. அவன் காலடியில் புகுந்து, ஒரு வாரு வாரி, ஆளை மல்லாக்கச் சாய்த்து, தோளிலிருந்த துண்டால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அதோடாவது விட்டாரா? பழக்க தோஷம், அந்தப் பையனின் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார்.

"அய்யோ, ஆணி அடிக்கப் போறாரு!" என்று அந்தப் பையன் போட்ட சத்தம் ஆவடிக்குக் கேட்டிருக்கும்.

நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் விசில் ஊதி, ஆட்டத்தைச் செவ்வாப்பேட்டைக்கே கொடுத்துவிட்டார். தணிகாசலத்துக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"லாடண்ணே, உன்னால பெரிய பேஜாராப் பூட்ச்சி! இனிமே கிரவுண்டு பக்கம் உன் தல தெரியக் கூடாது!"

லாடம் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் எங்கள் மேட்ச் நாட்களில் வண்டிமேட்டிலேயே உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்களை விசாரிப்பார். "பின்னால போனானுங்களா?" "போனாங்க." "அப்போ தோத்துட்டானுங்க." மேட்ச் முடிவை அவரிடம் யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் எங்கள் தலையில் இடி விழுந்தது. நாங்கள் விளையாடிய மைதானம் ஒரு ரைஸ் மில் முதலாளிக்குச் சொந்தம். மில்லு பெருத்துவிட்டது, நெல் காயப்போடக் களம் போதவில்லை. பொங்கல் முடிந்த கையோடு மைதானத்தில் சிமென்ட் போடப்போவதாகச் சொல்லியனுப்பினார். நாங்கள் ஏழு பேரும் போய்க் கைகட்டி நின்றோம். முதலாளி கெட்டவர் இல்லை. கொஞ்சம் பெருமைக்காரர், அவ்வளவுதான்.

"காணும் பொங்கல் மேச்சுல ஜெயிச்சு, கோப்பையக் கொணாந்து என் ஆபீசு மேசை மேல வையுங்க. நான் வேற எடத்துல களம் போட்டுக்கறேன். தோத்துகினே இருக்கற டீமுக்கு எதுக்கு நைனா கிரவுண்டு?"

சேதி தெரிந்த அன்றே லாடம் ரயில் நிலையத்துக்கு வந்து, பெட்டி சுமந்துகொண்டிருந்த தணிகாசலத்தின் முன்னால் நின்றார். நானும் கூட இருந்தேன். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாதவர் அவர். பகலெல்லாம் மாடு, சாயங்காலம் எங்கள் ஆட்டம். அவருடைய நாள் அவ்வளவுதான்.

"தணிகாசலம், நான் வாயத் தொறக்க மாட்டேன்பா. ஒரு மூலையில குந்திகினு பாக்கறேன். கிரவுண்டு பூட்ச்சின்னா நான் சாயங்காலத்துல எங்க போவேன், நீயே சொல்லு."

தணிகாசலம் தலையில் இருந்த பெட்டியை இறக்கி வைத்தான். "நீ வாயத் தொறக்காம இருப்பியா? எங்க, இப்போ இரு பாக்கலாம்."

"இருப்பேன். வாய் நெறைய வெத்தலையும் பொயலையும் போட்டு அடக்கிக்கறேன். சாறு ரொம்பினா நான் எப்புடிப் பேசுவேன்? துப்பவும் மாட்டேன். மெய்யாலும்."

காணும் பொங்கலன்று மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. எதிர் டீம் பழவேற்காட்டிலிருந்து லாரியில் வந்திருந்தது. அவர்களில் காசிம் என்று ஒரு பையன். ஏரியில் படகு ஓட்டி ஓட்டி அவனுக்கு மூச்சு அப்படி. பாட ஆரம்பித்தால் கேட்கிற நமக்கு மூச்சு முட்டும். லாடம் சொன்ன சொல் தவறாமல் மூலையில் குந்தியிருந்தார். இரண்டு கன்னமும் பலூனாக வீங்கியிருந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

எப்படியோ முட்டி மோதி, கடைசி ஐந்து நிமிடத்துக்கு வரும்போது இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். தணிகாசலத்தின் குரல் தாழ்ந்தது. "பின்னால போங்கடா."

போனோம். காசிம் வந்தான், ஒருத்தனைத் தொட்டான், சிரித்துக்கொண்டே போனான். இப்போது ஒரே பாயிண்ட்தான் வித்தியாசம். நான் மூலையைப் பார்த்தேன். லாடத்தின் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை முன்னால் முன்னால் என்று தானாக ஆடியது. வாய் மட்டும் திறக்கவில்லை. அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். குந்தியிருந்தபடியே மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

எத்தனையோ மேட்சில் கத்தியிருக்கிறார், திட்டியிருக்கிறார், மண்ணை வாரி இறைத்திருக்கிறார். பார்க்காமல் இருந்ததில்லை. தணிகாசலமும் அதைக் கவனித்துவிட்டான்.

"குமாஸ்தா, நம்ம ஆளே நம்மளப் பாக்க மாட்டேங்கறான்டா" என்றான். சொல்லும்போது அவன் முகம் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. குனிந்து மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டான். "சரி, ஆவறது ஆவட்டும். எல்லாம் முன்னால வாங்கடா. கிட்ட வாங்க, இன்னும் கிட்ட!"

காசிம் கடைசியாகப் பாடி வந்தான். காலியாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஆறு பேர் அவன் மூக்குக்கு நேராக நின்றோம். அவன் திகைத்தது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் தணிகாசலம் அவன் கணுக்காலில் விழுந்தான். மற்றவர்கள் தணிகாசலத்தின் மேல் விழுந்தார்கள். எல்லாருக்கும் மேலே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுந்தேன். அடியில் சடுகுடு சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. விசில் ஒலித்தது. ஜெயித்துவிட்டோம்!

கூட்டம் போட்ட கூச்சலில் லாடம் துள்ளி எழுந்தார். துள்ளியதில், அடக்கி வைத்திருந்த அத்தனையும் புகையிலையோடு உள்ளே போய்விட்டது. விக்கிக்கொண்டே ஓடி வந்தார்.

"இன்னா... ஹிக்... இன்னா ஆச்சு? தோத்துட்டமா?"

"ஜெயிச்சுட்டோம் லாடண்ணே! நீ சொன்னாப்புல முன்னால போய்ப் புடிச்சோம்!"

அவர் சிரிப்பார் என்று நினைத்தோம். அவர் முகம் தொங்கிவிட்டது.

"முன்னால போனீங்களா? மெய்யாலுமா?" என்று ஒவ்வொருத்தராகப் பார்த்தார். "இத்தினி வருசமா... ஹிக்... தொண்ட கிழியக் கத்திகினு கெடந்தேன். ஒரே ஒருவாட்டி போனீங்க. அத்தயும் நான் பாக்கலியேடா."

அப்படியே நடுக்கோட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் முதலாளி மைதானம் இனி உங்களுடையது என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மாலை போடுகிறார்கள், மேளம் அடிக்கிறார்கள். இந்தப் பக்கம் லாடம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெயித்த சந்தோஷமே போய்விட்டது.

தணிகாசலம் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் காசிமிடம் போனான். "தம்பி, ஒரு ஒத்தாச பண்ணணும். இன்னொரு தபா பாடி வரணும். உன்ன நாங்க புடிக்கணும்."

தோற்ற பையனிடம் கேட்கிற கேள்வியா இது? காசிம் அவனை முறைத்தான். தணிகாசலம் நடுக்கோட்டைக் கை காட்டினான். காசிம் அங்கே உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டினான்.

"லாரி டிரைவரு நாஷ்டா துன்னப் போயிருக்காரு. அவர் வர்ற வரைக்கும் ஆடலாம்ணே. ஆனா சும்மாவெல்லாம் மாட்டமாட்டேன். முடிஞ்சாப் புடிங்க."

சொன்னபடியே செய்தான். ஒப்புக்கு விழவில்லை, நிஜமாகவே தப்பிக்கப் பார்த்தான். நாங்களும் நிஜமாகவே முன்னால் போய் விழுந்து பிடித்தோம். லாடம் மூச்சைக்கூட விடாமல் பார்த்தார். விக்கல் நின்றுவிட்டது.

"இன்னொரு தபா" என்றார்.

இன்னொரு தபா பிடித்தோம். மூன்றாவது தடவை காசிம் கிட்டத்தட்ட நழுவியே விட்டான். "வுடாதே, வுடாதே!" என்று லாடம் போட்ட கூச்சலில் முதலாளியே கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பிடித்ததும் லாடம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். வெற்றிலைச் சிவப்பு வாயோடு காசிமைக் கட்டிப்பிடித்தார், தணிகாசலத்தைக் கட்டிப்பிடித்தார். கடைசியாக என்னிடம் வந்து, "குமாஸ்தா, நீ இன்னாத்துக்குக் கண்ண மூடிகினு உழுறே?" என்று பொரிந்து தள்ளினார்.

வெளிச்சம் மங்கிவிட்டது. டிரைவர் வந்து ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். எங்கள் முழங்கால் எல்லாம் தேய்ந்து ரத்தம் வந்திருந்தது. ஆனாலும் அன்றைக்கு லாடம் நாலாவது தடவை கேட்டிருந்தால், காசிம் பாடிக்கொண்டே வந்திருப்பான், நாங்களும் முன்னால் போய் நின்றிருப்போம்.