கோடி அண்ணாச்சியும் ஏழு பஜ்ஜியும்

டோக்கன் எண், லைன் எண், பஸ் எண் என்று எங்கள் பேக்டரிப் பக்கத்தில் எண் இல்லாத மனிதன் கிடையாது. ஆனால் ஓர் எண்ணோடு குடித்தனமே நடத்தியவர், சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் கோடி அண்ணாச்சி ஒருவர்தான்.

பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சொத்து, இரண்டு லுங்கி. கோடி என்பது அவருடைய எண்: 2147483647, இருநூற்றுப் பதினாலு கோடிக்கு மேல். எங்கள் அறையின் வைஃபை பாஸ்வேர்டும் அதுதான்.

"ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே போயி, முப்பத்தோரு எண்ணைக் கூட்டுலே. இவன் வருவான். பகா எண்! ஒண்ணையும் தன்னையும் தவிர ஒரு பயலுக்கும் மடங்க மாட்டான்."

கணக்கில் மூன்று அரியர் வைத்த எனக்கு ரோஷம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் போனை எடுத்து வகுத்தேன். ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பதின்மூன்றால் வகுத்தால் மீதி பத்து.

"நாப்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரைக்கும் வகுத்தாப் போதும். அதுக்கு மேல வேண்டாம்லே" என்று பக்கத்து சீட்டிலிருந்து அண்ணாச்சி சலுகை கொடுத்துவிட்டு, தன் கேட்டில் இறங்கிப் போனார். நூற்று மூன்றில் நிமிர்ந்து பார்த்தேன். பஸ் என் கம்பெனி கேட்டைத் தாண்டி, ஷெட்டுக்கே வந்து நின்றிருந்தது.

இந்தக் கணிதம் வயிற்றிலும் அடித்தது. அறையில் நாங்கள் ஐந்து பேர். அண்ணாச்சி ஏழு பஜ்ஜி வாங்கி வருவார்.

"ஏழு பகா எண். ஒரு ஆளு திங்கலாம், இல்லாட்டி ஏழு ஆளு திங்கலாம். ஏழு ஆளு இருக்கோமாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப ஒரு ஆளுதான்." அந்த ஆள் யார் என்று நாங்கள் கேட்டதேயில்லை.

இருந்தும் அவரை விட மனசில்லை. ஷிப்டுக்கு எங்களை எழுப்பும் அலாரம் அவர்தான். போர்வையை உருவிக்கொண்டே போவார். அவர் இல்லையென்றால் பஸ் போய்விடும், வேலையும் போய்விடும்.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் அக்கா வந்து நின்றார். "புது ஆளுங்க வராங்கோ. மூணு பேரு மேல போங்கோ, ரெண்டு பேரு பின்னாடி ரூமுக்குப் போங்கோ."

நாங்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினோம். அண்ணாச்சி மட்டும் அசையவில்லை.

"அஞ்சு பகா எண்ணுக்கா. பிரிக்க முடியாது."

"இன்னாப்பா, இப்பதான பிரிச்சேன்?"

"சமமா இல்லேல்லா! மூணு பேரு ரூம்ல ஒருத்தனுக்கு ஃபேன் காத்து வராது. சண்டை வரும். ராத்திரி உங்க கதவைத்தான் தட்டுவான்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உன்னாண்ட பேசினா எனக்கே தலை சுத்துது. ஒண்ணாவே கெடங்கோ!"

போன மாதம் அண்ணாச்சிக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவர் பஸ் ஏறிய மறுநாளே அக்கா வந்தார். "நாலு பேருதான? ரெண்டு ரெண்டா போங்கோ." மறுத்துச் சொல்ல எங்களிடம் கணக்கு இல்லை.

இப்போது அறையில் நாங்கள் இருவர். நேற்று ஏழு பஜ்ஜி வாங்கினேன். ஆளுக்கு மூன்று தின்றோம். ஏழாவதை இருவருமே தொடவில்லை.