கிள்ளான் முழுக்கக் கேட்ட கேசரி

பொழுதுபோக்குக்காக வீட்டிலேயே நிலையம் வைத்துப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம் "இது எப்படி வேலை செய்யுது?" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டவர் அன்று வீடு போய்ச் சேர மாட்டார். இதைத் தைரியமாகச் சொல்கிறேன் என்றால், நானும் அந்தக் கூட்டம்தான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், என் அறை மூலையில், பழைய கணினி ஒன்றை வைத்து அறிவிப்புப் பலகை நடத்திவந்தேன். வீட்டுக்கு வீடு இணையம் வருவதற்கு முன்னால் ஆர்வக்காரர்கள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுக்கொண்டார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, படம் கிடையாது. இந்தக் காலத்தில் அதை நடத்த லேசாகக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். (அம்மா 'லேசாக' என்பதை ஏற்க மாட்டார்.)

பலகையில் ஓடுவதற்கென்று நானே சில ரேடியோ நிரல்களை எழுதினேன். அவற்றில் என் செல்லம், வெள்ள எச்சரிக்கை நிரல். யாராவது 'அவசரம்' என்று குறித்துச் செய்தி போட்டால், முதலில் சங்கு ஊதும். பிறகு ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாக, அதை வட்டாரத்து ரேடியோக்காரர்கள் எல்லாரும் கேட்கும் அலைவரிசையில் வாசிக்கும். நிறுத்தும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்கும். யாரும் சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டே போனில் அமுக்கி நிறுத்திவிடக் கூடாது என்று, நிறுத்தும் வசதியை என் வீட்டு விசைப்பலகையில் மட்டும் வைத்தேன். என்ன ஒரு மூளை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தீபனுக்குக் கிள்ளானில் பெண் பார்த்தார்கள். அதற்கு முன் போன வீடுகளில் அவன் வாயே திறக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல போல" என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே பாக்க மாட்டேன்டா" என்று அம்மா சொல்லியிருந்தார். அண்ணனோ, அந்தப் பெண் ஷாமினியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் போடும் டீ-சட்டைக்கும் இஸ்திரி போட ஆரம்பித்திருந்தான்.

ஷாமினியின் அப்பா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அமெச்சூர் ரேடியோக்காரர். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முன்னால் என் நிரலைக் காட்டி அசத்த வேண்டும். எந்தச் செய்தி வந்தாலும் அவசரச் செய்தியாக வாசிக்கும்படி காலையில் மாற்றிவைத்துவிட்டுக் குடும்பத்தோடு காரில் ஏறினேன்.

அசத்த எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஹாலில், அதே அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அங்கிள்தான் ஆரம்பித்தார். "கூரையில என் ஆன்டனா பாத்தியாமா? அத ஏத்துன கதை இருக்கே..."

கதை நீண்டது. காலையில் மாற்றியது என் நினைவிலிருந்து நழுவியது. அண்ணன் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷாமினி கேசரி கொண்டுவந்தார். அதை எந்தப் பக்கம் கடித்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பியது. போனை எடுத்து, செலாயாங்கில் இருக்கும் என் தோழி ரேகாவுக்குப் பலகை வழியாக ஒரு செய்தி தட்டினேன். (எல்லாரையும் போல சாதாரண மெசேஜ் அனுப்பியிருக்கலாமே என்கிறீர்களா? பலகை நடத்துபவளே அப்படிச் செய்தால் பலகைக்கு என்ன மரியாதை?)

ரேடியோவில் சங்கு ஊதியது.

"அவசரச் செய்தி. ரேகா, வந்து காப்பாத்துடி. அங்கிள் ஆன்டனா கதை சொல்றாரு, இன்னும் ஏணியே வைக்கல. கேசரி சுத்த ரப்பர். அண்ணன் மீன் தொட்டிய பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கான். பொண்ணு தங்கம், இவனுக்கு ரொம்ப ஓவர் லா. இது பிரிக்பீல்ட்ஸ் அறிவிப்புப் பலகை. பொறுப்பாளர், மேகலா."

எந்த நிலையம் பேசுகிறது என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது ரேடியோ விதி. பெயரையும் சேர்த்தது என் கைவண்ணம்.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அப்பா மின்விசிறியை ஆராய்ந்தார். ஷாமினியின் அம்மாவான ஆன்டி கேசரித் தட்டைப் பார்த்தார். அங்கிள் மெதுவாகத் திரும்பினார்.

"இது உன் நிலையமாம்மா?"

"ஆமா அங்கிள்."

"சிக்னல் நல்லா கிளியரா இருக்கு."

அதற்குள் ரேடியோவில் இன்னொரு குரல். "பண்டமாரான்லேருந்து பேசுறேன். யாருக்கு ஆபத்து? லோரி ரெடியா இருக்கு, எங்க வரணும்?"

அங்கிள் மைக்கை என் கையில் கொடுத்தார். "பொறுப்பாளர் நீதானே. பதில் சொல்லு."

"ஆபத்து இல்ல அண்ணே."

"காப்பாத்துன்னு சொன்னாங்களே?"

"கேசரிலேருந்து அண்ணே."

"அப்ப லோரி வேணாமா?"

அடுத்து ஒரு மலாய்க்காரர் வந்து, தமிழ் புரியவில்லை, என்ன அவசரம் என்று கேட்டார். ரப்பர் கேசரியை நான் மலாயிலும் மொழிபெயர்த்தேன். அப்படியாக அது இரண்டு மொழியில் பரவியது.

மறுபடி சங்கு. "ரேடியோவ மூடுங்களேன்" என்றார் ஆன்டி.

"மழைக்காலத்துல இத நான் மூடுனதே இல்ல. மூடுனா மட்டும் மத்தவங்களுக்குக் கேக்காதா?"

"நிப்பாட்டுடி" என்றார் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்டு கீபோர்டுலதான்மா நிப்பாட்ட முடியும்."

"எந்த அறிவாளி அப்படி செஞ்சது?"

நான் கேசரியை மென்றேன்.

அண்ணன் எழுந்தான். "நான் போய் நிப்பாட்டிட்டு வரேன்." பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம். பிறகு ஷாமினியைப் பார்த்தான். "மீன் பாக்கணும்னு இல்லங்க. உங்கள பாக்க பயமா இருந்துச்சு."

அவ்வளவுதான், இந்த வீடும் போச்சு என்று நினைத்தேன்.

"கேசரி நான் செஞ்சது" என்றார் ஷாமினி. "ரப்பர்னு எனக்கும் தெரியும். கீபோர்டுல எத அமுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பாவோட ப்ரோக்ராம் எல்லாம் நான்தான் ஏத்திக் குடுப்பேன். நானும் போறேன்பா."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆன்டி மறுக்க வாயெடுத்தபோது சங்கு ஊதியது. "சீக்கிரம் போங்க ரெண்டு பேரும்" என்றார்.

நானும் எழுந்தேன். "நீ எங்க போற?" என்றார் அங்கிள். "பொறுப்பாளர் மைக்க விட்டு எழுந்திருக்கக் கூடாது."

அவர்கள் போனார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்டி என் தட்டில் இன்னொரு கேசரித் துண்டை வைத்தார். அப்போது பார்த்து ரேகா பலகையில் பதில் போட்டாள். சங்கு ஊதி, அந்தக் குரல் நிதானமாக வாசித்தது: "அவசரச் செய்தி. என்னடி ஆச்சு? கேசரி மிச்சம் இருக்கா?"

ஒருவழியாக ரேடியோ அடங்கியது. ஆனால் போனவர்கள் இருட்டும் நேரத்தில்தான் வந்தார்கள். "ஜாம்" என்றான் அண்ணன். சட்டையில், சாலையோரக் கடைகளில் விற்கும் ரோஜாக் என்ற தின்பண்டத்தின் குழம்பு சிந்தியிருந்தது. கல்யாணத்துக்குப் பண்டமாரான் லோரி அண்ணனும் வந்தார். பந்தியில் உட்கார்ந்ததும் கேசரி உண்டா என்று விசாரித்தார்.

இப்போது பலகையை நடத்துவது ஷாமினி அண்ணி. அவர்களின் ஒவ்வொரு கல்யாண நாளன்றும் சங்கு ஊதி அந்தச் செய்தி வாசிக்கப்படும், அதே நிதானத்தோடு, என் பெயரோடு. அதை நிறுத்தும் வசதிக்கு அண்ணி ஒரு கடவுச்சொல்லும் வைத்து, கிள்ளானில் தன் அப்பா வீட்டு விசைப்பலகைக்கு மாற்றிவிட்டார். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ரயிலேறிப் போனால், விசைப்பலகைக்கு முன்னால் ஒரு தட்டு தயாராக இருக்கும். முழுக்கச் சாப்பிட்ட பிறகுதான் கடவுச்சொல்.