கஸ்ஸின் அபார ஜீரணம்

நம் குடும்பமும் அறிவியலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என் மனைவி லோர்னா முடிவெடுத்தாள். முடிவு அவளுடையது. அதற்கு விலை கொடுத்தது எங்கள் நாய் கஸ்ஸின் வயிறும் என் இடுப்பும்.

நாய்த்தீனி செய்யும் கம்பெனி ஒன்று வீட்டு நாய்களுக்குச் சோதனை வைத்தது. அவர்கள் தரும் தீனியை மட்டும் இரண்டு வாரம் எடை பார்த்துப் போட வேண்டும். வெளியே வருவதை ஒன்று விடாமல் பையில் கட்டி, கராஜ் ஃப்ரீசரில் மான்கறிக்குப் பக்கத்தில் வைத்து, பிறகு அனுப்ப வேண்டும். எவ்வளவு ஜீரணமாகிறது என்று பார்ப்பார்களாம்.

“பொறுக்குறது யாரு?” என்றேன்.

“நீதான். டாக்டர் உன்னைக் குனிஞ்சு நிமிரச் சொன்னார்ல?”

எனக்கு உப்பில்லாத வேகவைத்த பட்டாணியை எழுதிக் கொடுத்த புண்ணியவானும் அவர்தான். அதில் ஏமாற்றினால், உறைந்த ஏரிமேல் நான் மீன்பிடிக்கும் குடிசையின் சாவி தன் தம்பி லைலுக்குப் போகும் என்று லோர்னா தீர்ப்பே சொல்லியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு மினசோட்டாக்காரனிடம் அந்தச் சாவியைப் பிடுங்குவதும் உயிரைப் பிடுங்குவதும் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பட்டாணியை மனிதன் தின்பானா? மேசைக்கு அடியில் கஸ்தான் தின்றுகொண்டிருந்தது. சோதனைக்காக நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் தின்ன வேண்டுமே.

மூன்றாம் நாள் காலை, கொல்லையில் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். வெள்ளைப் பனி. அதன்மேல் கஸ்ஸின் காணிக்கை. அதில் முழுசு முழுசாகப் பட்டாணி. அந்தப் பாவி ஒன்றைக்கூட மென்றிருக்கவில்லை.

கையுறையோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். பொறுக்கி மாளாததை அப்படியே பனிக்குள் புதைத்தேன். மிச்சத்தைப் பையில் கட்டினேன். இதே திருப்பணி தினமும் நடந்தது.

பைகள் போய்ச் சேர்ந்த மறுவாரம் கம்பெனியிலிருந்து ஃபோன். லோர்னா பேசிவிட்டு வந்தாள்.

“ஹார்லன், நம்ம கஸ் மாதிரி ஒரு நாயை அவங்க பார்த்ததே இல்லையாம்.”

“ஏன், என்னவாம்?”

“தின்னதெல்லாம் உடம்புல ஒட்டிடுதாம். வெளிய வர்றது கொஞ்சூண்டுதானாம்.”

“நல்ல வயிறு அதுக்கு.”

“அதான் திரும்பப் பார்க்கணுமாம். ஏரி உருகுற வரைக்கும். பொறுக்குற ஆள் ஒரு நாள்கூட வீட்டை விட்டு நகரக் கூடாதாம்.”

“நீ என்ன சொன்ன?”

“சரின்னுட்டேன். கஸ் வேற ஏதாவது தின்னிருக்கும்னு உனக்குத் தோணினா சொல்லு, இப்பவே வேண்டாம்னுடறேன்.”

பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல். அதிலிருந்து கொல்லை முழுவதும் தெரியும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றேன்.

“அப்ப குடிசை சும்மாத்தானே கிடக்கும்?”

சாவியை நானே எடுத்து நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டவன் லைல். தூண்டிலோடு அரைமணி நேரமாக வாசலில் நிற்கிறானாம்.